ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தவர்

மொபைல் வளைகுடா, கிழக்குக் கரை
ஜூலை 9, 2024

ஒடெஸ்ஸா அத்தைக்கு,

இனிமேல் என் குரலைத் தொலைபேசியில் கேட்க மாட்டீர்களாம். சொல்ல வேண்டியதை என் கையெழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்ப வேண்டுமாம். அப்பா சொன்னார். மொபைல் வளைகுடாவில் பிறந்து வளர்ந்தும் மொபைலில் பேசத் தடை வாங்கிய ஒரே பிறவி நான்தான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மத்திய தொழிலாளர் துறையிலிருந்து பேசுகிறேன்" என்று உங்களை அழைத்தது நான்தான். உங்கள் சாப்பாட்டுக் கடையின் மேலாளர் ராய்ஸ் லாட்னியர், அதாவது என் அப்பா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று கேட்டதும் நான்தான். நீங்கள் சிரித்துவிட்டு, "போடி கழுதை" என்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களோ "சார், சார்" என்றீர்கள். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அத்தை, குரல்தான் பொய். சட்டம் மெய். ஒருவருக்கு மாதச் சம்பளக்காரர் என்று பெயர் வைத்து, ஓவர்டைம் தராமல் விடிய விடிய வேலை வாங்க வேண்டுமானால், அவர் சம்பளம் ஒரு கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். அந்தக் கோட்டை ஜூலை முதல் தேதி உயர்த்திவிட்டார்கள். அப்பாவின் சம்பளம் பழைய கோட்டுக்கு மேலே, புதிய கோட்டுக்குக் கீழே. இனி வாரம் நாற்பது மணி நேரத்தைத் தாண்டினால் அவருக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் தர வேண்டும். நீங்கள் பணத்தைக் கூட்டவில்லை, நேரத்தைக் குறைத்தீர்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போ என்றீர்கள்.

என்ன நடந்தது தெரியுமா? திங்கட்கிழமை, வெயில் இன்னும் மஞ்சளாக இருக்கும்போதே யாரோ எங்கள் கதவைத் திறந்தார்கள். திருடன் என்று வாணலியை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா. தன் வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி நின்றார். பிறகு ஒரு கரண்டிக்காக எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்தார். உங்கள் கடையில் எந்த உப்புக் குடுவை எந்த மேசைக்குச் சொந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்.

கடையில் பரிமாறப் போகும்போது அவரை நான் தினமும் பார்க்கிறேன்தான். அங்கே அவர் மேலாளர். மேலே ஆள் நீங்கள், கீழே இருக்கிற ஆள் எல்லாம் அவரே. வீட்டில் எனக்கு அவர் ஒரு குறட்டைச் சத்தம்தான். அம்மா பென்சகோலாவில் இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டு போனதிலிருந்து அந்தக் குறட்டைதான் எனக்குக் காவல்.

சாப்பிட்ட பிறகு படகுத்துறைப் பலகையில் போய் உட்கார்ந்தோம். வளைகுடா முழுக்க ஆரஞ்சு நிறம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டார். அப்புறம், "இந்தப் பக்கம் இவ்வளவு நேரம் வெளிச்சம் இருக்குமா?" என்று கேட்டார்.

"தினமும் இருக்குப்பா" என்றேன்.

கேட்டபடி கையெழுத்து:
டான்சி லாட்னியர்

*

லீலண்டின் தோட்டம், வடக்கு மலை
ஜூலை 18

டான்சி,

வக்கீலிடம் கேட்டேன். சட்டம் உண்மை என்றார். நீ இன்னும் வேலையில் இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

வக்கீல் மற்ற விதிகளையும் படித்துக் காட்டினார். டிப்ஸ் வாங்கும் சர்வர்களுக்கு நான் மணிக்கு இரண்டு டாலர் சொச்சம்தான் தருகிறேன். சாப்பிட வருகிறவர்கள்தான் மிச்சத்தைப் போடுகிறார்கள். அந்தக் கூலியில் உங்களைப் பரிமாறச் சொல்லலாம். துணி மடிக்கவும் உப்பு நிரப்பவும் தொடர்ந்து அரை மணிக்கு மேல் வைத்திருந்தால் முழுக் கூலி தர வேண்டுமாம். ஆகையால் மதியம் இந்தப் பக்கவேலை நடக்கும்போது ராய்ஸ் அரை மணிக்கு ஒரு தரம் கடையில் தொங்கும் கப்பல் மணியை அடிக்கட்டும். மணி அடித்ததும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து நிற்க வேண்டும், தொடர்ச்சி அறுந்துவிடும். இதில் விளையாட்டு வேண்டாம்.

ஐந்துக்கு மேல் நம் மூத்த சர்வர் ஜொனெல் பார்த்துக்கொள்வாள். மேலாளர் பட்டம் தரட்டுமா என்று கேட்டேன். மேலாளர் ஆகிவிட்டால் பொதுவில் சேரும் டிப்ஸில் பங்கு எடுக்கக் கூடாது என்பது சட்டம், பட்டத்தை வறுத்தா தின்பது என்று கேட்டாள். அவள் அப்படித்தான் பேசுவாள்.

மறைந்த உன் மாமா லீலண்டின் தோட்டத்தை ஒரு வாரத்தில் விற்றுவிட்டு வரலாம் என்று வந்தேன். ஆப்பிள் மரத்தில் இருக்கும்போது விற்றால் நல்ல விலை வரும் என்கிறான் தரகன். இருக்கிறேன். வீட்டுக்குள் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. காலையில் மூடுபனி ஜன்னல் வரை வந்து நிற்கிறது. யாரோ வந்து நிற்பது போல இருக்கிறது. நான் ஒருநாளும் இத்தனை மணி நேரம் சும்மா உட்கார்ந்ததில்லை.

ராய்ஸ் சரியாகச் சாப்பிடுகிறானா என்று எழுது.

ஒடெஸ்ஸா

*

கிழக்குக் கரை
ஆகஸ்ட் 17

அத்தைக்கு,

அப்பா சாப்பிடுகிறார். சமைக்கவும் செய்கிறார். முதல் நாள் இரண்டு பேருக்கு முப்பது சோளமாவு உருண்டை பொரித்தார். அவருக்குச் சின்ன அளவு தெரியாது.

மணி விஷயம். உத்தரவுப்படி அடிக்கிறோம். மதியக் கூட்டம் கலைந்தால் ராத்திரிக் கூட்டம் வரும்வரை கடையில் ஈ காக்கை கிடையாது. நாங்கள் பின்னால் உட்கார்ந்து கத்தியையும் முள்கரண்டியையும் துணியில் சுருட்டுவோம். பாதி காலியான கெட்சப் புட்டிகளை ஒன்றின் தலைமேல் ஒன்றைக் கவிழ்த்துக் கல்யாணம் செய்துவைப்போம். டிங் என்று மணி. மாப்பிள்ளை பெண்ணை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கூடத்தில் கை கட்டி நிற்போம். யாருக்குப் பரிமாற? காற்றுக்கு.

முதல் வாரம் நின்றேன். சும்மா நிற்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டாவது வாரம் வாசல் கதவைத் திறந்து, "வாங்க வாங்க, எத்தனை பேர்? ஜன்னல் பக்கமா?" என்று கேட்டு யாரும் இல்லாத ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தேன். அன்றிலிருந்து வருகிறார்கள். நாலாம் மேசையில் முத்துமாலை போட்ட ஒரு அம்மாள். எப்போதும் தட்டைமீன்தான் கேட்பாள், முள் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவாள். ஏழாம் மேசையில் ஒரு புதுமணத் தம்பதி, சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். நான் வைத்த தண்ணீரைத் தொடுவதே இல்லை. இல்லாதவர்களுக்கு உதவுங்கள் என்று பாதிரியார் ஞாயிறுதோறும் சொல்கிறார். நாங்கள் வாரம் முழுக்க இல்லாதவர்களுக்குத்தான் காபி ஊற்றுகிறோம்.

ஜொனெல் அக்கா முதலில், "ஏண்டி, பைத்தியம் உனக்கா, இல்ல உன்ன வேலைக்கு வச்ச அந்தம்மாவுக்கா?" என்றாள். (அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.) போன வாரம் வளைகுடாவிலிருந்து மூடுபனி ஏறி ஜன்னல் எல்லாம் வெள்ளையாகிவிட்ட ஒரு மதியம், மணி அடித்தது. அவள் நிஜமாகவே ஒரு கோப்பையில் காபி எடுத்துக்கொண்டு போய் மூலை மேசையில் வைத்தாள். எதிரில் நின்றாள். காபி ஆறும்வரை நின்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். யாரை என்று நாங்கள் கேட்கவில்லை. அப்பா அடுத்த மணியை அடிக்காமலே விட்டுவிட்டார்.

இன்னொன்று. வியாழக்கிழமை விடியலில் ஜூபிலி வந்தது, கோடையில் எப்போதாவது மீனெல்லாம் தானாகவே கரைக்கு ஒதுங்குமே, அதுதான். காற்று கிழக்கே திரும்பியிருந்தது. வளைகுடாவில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அப்பா என் தோளைத் தொட்டு எழுப்பினார். கடையை மூடிவிட்டு வந்து கட்டையாகத் தூங்கிய காலத்தில் அவருக்கு விடியல் என்று ஒன்று இருந்ததே தெரியாது. இப்போது பறவைக்கு முன்னால் எழுந்துகொள்கிறார்.

கரை ஓரத்தில் தட்டைமீன்கள் ஒன்றின் மேல் ஒன்று, கழுவி அடுக்கிய தட்டுகள் போலக் கிடந்தன. நண்டுகள் படகுத்துறைத் தூண்களில் ஏறித் தொங்கின. இறால்கள் நீர்விளிம்பில் கண்ணாடித் தூள் மாதிரி மினுங்கின. எல்லாம் உயிரோடுதான் இருந்தன, எதுவும் தப்பி ஓடவில்லை. தண்ணீருக்கே மூச்சு முட்டிப்போய் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டது போல இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் தூக்க உடுப்போடு வாளி தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றார். ஒரு மீனையும் எடுக்கவில்லை.

"மேலாளர் ஆனதுலேர்ந்து இத நான் பாத்ததே இல்ல, டான்சி. எல்லாத்தையும் தூங்கியே தொலைச்சிருக்கேன்."

அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர் போலக் கரையேறி ஓடினார். நம் பழக்கம்தானே, ஜூபிலி வந்தால் முதலில் சொந்தக்காரரை எழுப்ப வேண்டும். உங்கள் வீட்டுக்குப் போனார். சமையலறை ஜன்னலைத் தட்டி, "அக்கா, அக்கா" என்றார். நீங்கள் அங்கே இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். பேனாவில் எழுதியதால் அழிக்க முடியவில்லை.

டான்சி

*

வடக்கு மலை
செப்டம்பர் 2

டான்சி,

எந்த ஜன்னலை? கொக்கி உடைந்ததையா? அதைத் தள்ளினாலே திறந்திருக்குமே. இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

இனி மணி அடிக்க வேண்டாம். அந்த அரை மணி விதியை மேல்நீதிமன்றம் போன மாதம் ரத்து செய்துவிட்டது. வக்கீல் எழுதியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஆள் வராத கூடத்தில் சும்மா நிற்பதும் பக்கவேலைக் கணக்கில்தான் சேருமாம். அப்படியென்றால் நாம் இத்தனை நாள் மணி அடித்ததெல்லாம் வீண். முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? அவருக்கு நான் தரும் கூலி மணிக்கு இரண்டு டாலர் இல்லை. முத்துமாலை அம்மாளிடம் சொல்லி அனுப்பிவிடு.

ராய்ஸின் நேரம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒன்று புரிந்துகொள். அவன் ஐந்து மணிக்குப் போவதால் ராத்திரிக்கு எனக்கு ஒரு கை குறைகிறது. ஜனவரியில் அந்தச் சம்பளக் கோட்டை இன்னும் உயர்த்தப் போகிறார்களாம். கடைக்கு நான் செய்வதைத்தான் எல்லா முதலாளிகளும் செய்கிறார்கள். நான் மட்டும் பூதம் இல்லை.

ஆப்பிள் சிவக்கத் தொடங்கிவிட்டது. உன் மாமா இருபது இலையுதிர் காலம் இங்கே தனியாகவே பறித்தார். கடையை விட்டு எப்படி வருவது என்று நான் கரையிலேயே இருந்துவிடுவேன். முதல் உறைபனி விழுந்த பிறகு வருவேன். எனக்கென்று ஒரு கூடையில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்திருப்பார். அதற்குள் தோல் சுருங்கியிருக்கும். கடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பேன். இந்த வாரம் மரத்திலிருந்து ஒன்றைப் பறித்து அங்கேயே நின்று தின்றேன். இதன் ருசி இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கடிதம் நீண்டுவிட்டது. தபால்தலை வீணாகக் கூடாது என்பதற்காக எழுதியது.

ஒடெஸ்ஸா

*

கிழக்குக் கரை
அக்டோபர் 14

அத்தைக்கு,

அம்மாளும் புதுமணத் தம்பதியும் போய்விட்டார்கள். மணி நின்ற அன்று ஜொனெல் அக்கா துணி சுருட்டிக்கொண்டே, "அரை மணிக்கு ஒருத்தரம் எனக்குன்னு ஒருத்தன் வந்து உக்காந்தான். அதையும் கோர்ட்டு எடுத்துக்கிச்சு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பாவைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவருக்கு ஒரு நிலா கிடைத்திருக்கிறது.

மார்டி கிரா திருவிழா ஊர்வலத்துக்கு அலங்கார வண்டி கட்டும் கொட்டகைக்கு மாலையில் போக ஆரம்பித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அவர் நன்றாக வரைவாராமே? நீங்களும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. மற்றவர்களுக்கு மீனும் முதலையும் கொடுத்துவிட்டு, கடைசியாகப் போனவருக்கு நிலாவைக் கொடுத்திருக்கிறார்கள். கோழிக்கூண்டுக் கம்பியை உருண்டையாக வளைத்து, செய்தித்தாளைக் கிழித்து, மாவுப் பசையில் நனைத்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். நானும் போகிறேன். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் படிக்கிறேன். சம்பளச் சட்டம் பற்றிய செய்தி வந்தால் நிலாவின் முதுகில் ஒட்டுகிறேன். அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

நிலா இப்போது கொட்டகைக் கதவைவிடப் பெரியது. வெளியே எப்படிக் கொண்டுபோவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கேட்டால் அப்பா, "தேஞ்சதும் கொண்டு போலாம்" என்கிறார். அத்தை, அவர் நகைச்சுவை பேசுகிறார். எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று பதினேழு வருஷமாக எல்லோரும் அம்மாவைச் சந்தேகப்பட்டோம்.

நிலாவுக்கு முகம் வேண்டுமா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு வாரம் சண்டை. கடைசியில் முகம் வைத்தார். கண் மூடியிருக்கிறது. தூங்குகிற நிலா. ஈரம் காயாத நேரத்தில் கொட்டகை விளக்கில் அது மூச்சு விடுவது போல இருக்கும். இரண்டு பேரும் கை நிறையப் பசையோடு தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அவர் ஏதாவது சொல்வார். நான் ஏதாவது சொல்வேன். என்ன பேசினோம் என்று பிறகு ஞாபகம் வராது. அப்படிப்பட்ட பேச்சு எனக்கு இதற்கு முன் யாரோடும் வாய்த்ததில்லை.

ஜனவரியில் கோடு இன்னும் உயர்ந்தால் அப்பா நாலு மணிக்கே வருவாரா? விளையாட்டுக்குக் கேட்கிறேன். கொஞ்சம் நிஜமாகவும்.

டான்சி

*

வடக்கு மலை
நவம்பர் 20

டான்சி,

டெக்சஸில் ஒரு நீதிபதி போன வெள்ளிக்கிழமை அந்த ஓவர்டைம் விதியை நாடு முழுவதும் செல்லாது என்று தீர்த்துவிட்டார். ஜனவரியில் வர இருந்தது மட்டும் இல்லை, ஜூலையில் வந்ததும் போயிற்று. கோடு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

டிசம்பர் ஒன்பது, திங்கட்கிழமை முதல் ராய்ஸ் பழைய நேரத்துக்குத் திரும்பட்டும். கடையை மூடும்வரை. சம்பளம் அதேதான். சாலைக்கு இறங்கி வந்து அவனிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். சரி அக்கா என்றான். அவன் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுத வேண்டும் என்று தோன்றியது.

இங்கே உறைபனி விழுந்துவிட்டது.

ஒடெஸ்ஸா

*

கிழக்குக் கரை
நவம்பர் 26

அத்தைக்கு,

நீங்கள் எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அப்பா சொல்லவில்லை. கொட்டகையில் தூரிகைகளைக் கழுவி வைத்தார், அதிலேயே தெரிந்துவிட்டது. நிலாவின் ஒரு கன்னம் இன்னும் செய்தித்தாளாகவே இருக்கிறது. மீனுக்கு வர்ணம் பூசுகிறவரைக் கூப்பிட்டு, மிச்சத்தை நீ முடித்துவிடு என்று கொடுத்தார். வழியெல்லாம் வானிலை பற்றிப் பேசினார். மேலாளர் குரலில்.

வீட்டில் கேட்டேன். "வேணாம்னு சொல்லேன்பா."

"வேலைன்னா வேலைதான், கண்ணு."

"ஒரே ஒரு தரம் சொல்லிப் பாரேன்."

அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. "அக்காகிட்ட நான் எதுக்கும் வேணாம்னு சொன்னதே இல்ல. எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்றார்.

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேண்டாம், அத்தை.

நான் அதிகாரிக் குரலில் மறுபடி உங்களை அழைத்திருக்கலாம். டெக்சஸ் நீதிபதியாகக்கூடப் பேசியிருப்பேன், அந்த இழுவை எனக்கு நன்றாக வரும். செய்யவில்லை. இந்தத் தடவை நானாகவேதான் பேச வேண்டும். எனக்கு இதில் பழக்கம் குறைவு, அதனால் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் சட்டம் அப்பாவை வீட்டுக்கு அனுப்பு என்றது, அனுப்பினீர்கள். இப்போது அந்த நீதிபதி உங்களைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார், அவ்வளவுதான். அப்பாவைக் கட்டிப்போடு என்று அவர் உங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்கு அப்பாவைத் தெரியவே தெரியாது. இனிமேல் நடப்பது சட்டம் இல்லை, நீங்கள்.

கடை எங்களுக்கும் சோறு போடுகிறது, தெரியும். எல்லா முதலாளிகளும் இதைத்தான் செய்வார்கள், அதுவும் தெரியும். அவர்கள் எல்லாம் என் அத்தை இல்லை. வரும் ஆகஸ்டில் எனக்குப் பதினெட்டு வயது, அதற்கு முன் கல்லூரி எங்கே என்று முடிவாகிவிடும், போய்விடுவேன். எனக்கு மிச்சம் இருப்பது இந்தக் குளிர்காலமும் ஒரு வசந்தமும். அதற்குள் அவர் மறுபடி ஒரு குறட்டைச் சத்தம் ஆகிவிடுவார்.

மாமாவுக்கு நீங்கள் எப்போதும் பனி விழுந்த பிறகுதான் கிடைத்தீர்கள். எனக்கும் அப்பா அப்படித்தான் கிடைக்க வேண்டுமா?

இந்த வரியை அடித்துவிடலாமா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

டான்சி

*

வடக்கு மலை
டிசம்பர் 3

டான்சி,

உன் கடிதத்தை அடுப்பில் போட எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பு அணைந்திருந்தது. மூட்டுவதற்குள் இன்னொரு முறை படித்துவிட்டேன்.

என் கடையில் எனக்கு யாரும் இப்படி எழுதியதில்லை. உன் வயதில் நான் யாருக்கும் இப்படி எழுதியதும் இல்லை. அந்தக் கடைசி வரிக்காக உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும். அதே வரிக்காக வேறு ஏதாவதும் செய்ய வேண்டும். எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மலையிலிருந்து இறங்கி, சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஜொனெலிடம் பேசினேன். குளிர்காலம் முடியும்வரை திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ராத்திரிக் கடை கிடையாது. அந்த நாட்களில் விளக்குச் செலவுக்குக்கூட ஆள் வருவதில்லை, ஆகவே இதைக் கருணை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. மற்ற ராத்திரிகளில் நான் நிற்கிறேன். முதலாளிக்கு எந்த வாஷிங்டனும் எந்த டெக்சஸும் நேரம் குறிப்பதில்லை. மூன்று ராத்திரி டிப்ஸ் போவதால் ஜொனெலுக்கு நஷ்டம். ஆகையால் மதியத்தில் ஆள் இல்லாத நேரத்துக்கு அவளுக்கும் உனக்கும் முழுக் கூலி. அவள் தொலைபேசியிலேயே முறைத்தாள், கணக்குப் போட்டாள், "பரவால்ல, மலைக் காத்து ஒனக்கு ஒத்துக்குது" என்றாள்.

ராய்ஸ் தினமும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவான். இதை வக்கீலைக் கொண்டு எழுதி வாங்கி வருகிறேன். என் மனதை நான் நம்பவில்லை. பருவக் கூட்டம் வந்தால் நானே மாற்றிப் பேசுவேன்.

தோட்டத்தை விற்கவில்லை. விற்கவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தரகனைப் போகச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஞாயிறு வருகிறேன். திங்கள் காலை வழக்கம் போல அவன் கடையைத் திறக்கட்டும், நீ ஒன்றும் சொல்லாதே. ஐந்து மணிக்கு நான் வந்து நிற்பேன். சாவியை வாங்கி நானே கடையைப் பூட்டுவேன். சாவி கை மாறிய பிறகு அவன் என் மேலாளர் இல்லை.

அதற்கு மேல் அவனை என்னோடு உட்காரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் நேராகக் கொட்டகைக்குப் போக வேண்டும், அந்தக் கன்னத்தைப் பூச வேண்டும். ஆனால் கடைப் படியில் ஒரு கோப்பைக் காபி குடிக்கிற நேரம் அக்காவோடு உட்காருவானா என்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். நாற்பது வருஷமாக அவனுக்கு நான் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. வேண்டாம் என்று அவன் சொல்லலாம். சொல்லட்டும். அவனும் ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும்.

எனக்காக நீ கேட்டு வைக்காதே. நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஒடெஸ்ஸா